ஓடுற பெல்ட்டும் சத்தமில்லாத மோட்டரும்: வாசகர் கேள்வி பதில்

2022இல பெற்றோலுக்கு ராவிரவா லைனில கிடந்து, பேந்து கியூஆர் கோட் பங்கீடு வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டச்சைக்கிளுக்கு 4 லீற்றர் எண்டு அளந்து வாங்கின காலத்தில இருந்துதான் எங்கட வன்னிப் பக்கம் கரண்ட் வாகனக் கதை சூடுபிடிச்சது. இப்ப ஸ்கூட்டி, சைக்கிள், மாத்தின ஓட்டோ எண்டு எங்க பாத்தாலும் சத்தமில்லாமல் ஓடித் திரியுது. இந்த முறை வந்த கேள்வியளில கனக்க ஒரே விசயத்தைத்தான் சுத்தி வருகுது, ஓடுற பெல்ட், சுத்துற சில்லு, அதுக்குள்ள போற கை. பற்றரி, சார்ஜ் கேள்வியள் அனுப்பின ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ, அடுத்த முறை கட்டாயம் எடுக்கிறன். கை விரல் விசயம் பொறுக்காது.

கேள்வி: வணக்கம் அண்ணை. நாங்கள் மல்லாவியில ஒரு சின்ன கராஜ் வைச்சிருக்கிறம். பழைய ஓட்டோ ஒண்டின்ர எஞ்சினைக் கழட்டிப்போட்டு 72 வோல்ட் மோட்டர் பூட்டி பெல்ட்டால கியர்பொக்சோட குடுத்திருக்கிறம், நல்லா ஓடுது. பெல்ட்டுக்குக் கவர் போடேல்லை, போட்டால் பெல்ட் இறுக்கமோ லூசோ எண்டு பாக்க ஏலாது, மோட்டரும் சூடாகும் எண்டு நினைக்கிறம். அப்பா ஒவ்வொரு நாளும் கவரைப் போடு எண்டு பேசுறார். கட்டாயம் தேவையோ?

பதில்: தம்பி, அப்பா சொல்லுறதுதான் சரி. கவர் இல்லாமல் அந்த ஓட்டோவை ஒருக்காலும் றோட்டில இறக்காதேங்கோ, கராஜுக்குள்ள ஓடிப் பாக்கிறதெண்டாலும் அப்பிடித்தான்.

ஏனெண்டு சொல்லுறன். பெல்ட்டில ஆபத்தான இடம் நடுப்பகுதி இல்லை, பெல்ட் போய் புல்லியில, அதாவது பெல்ட் சுத்தி ஓடுற சில்லில, ஏறுற அந்த மூலை. அதில விரல் நுனி பட்டாலே பெல்ட் விரலைப் பிடிச்சுத் தன்னோட இழுத்துக்கொண்டு புல்லிக்குக் கீழ கொண்டுபோகும், நீங்கள் பின்னுக்கு இழுக்கிறதுக்கு முதலே வேலை முடிஞ்சிடும். கணக்குப் போட்டுப் பாருங்கோ, உங்கட மோட்டர் புல்லி 6 சென்ரிமீற்றர் விட்டம், மோட்டர் நிமிசத்துக்கு 3000 சுத்து எண்டு வைப்பம், அப்ப பெல்ட் செக்கனுக்கு 9 மீற்றருக்கு மேல ஓடுது. ஒரு மனிசன் ஏதோ பட்டிட்டுது எண்டு விளங்கிக் கையை இழுக்கக் குறைஞ்சது கால் செக்கன் வேணும், அந்தக் கால் செக்கனுக்குள்ள 2 மீற்றருக்கு மேல பெல்ட் ஓடி முடிஞ்சிடும். கெட்டித்தனம், கை வேகம் ஒண்டும் அதுக்கு முன்னால நிக்காது.

லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) பெல்ட்டோட வளந்த ஆக்கள்தானே நாங்கள், சூடடிக்கேக்க சாரத்தை மடிச்சுக் கட்டு, பெல்ட்டுக்குக் கிட்டப் போகாத எண்டு சின்னனில இருந்தே பேச்சு வாங்கியிருப்பம். ஆனால் லாண்ட்மாஸ்டர் எஞ்சின் ஓடினால் பக்கத்து வளவுக்கும் கேக்கும், கரண்ட் மோட்டர் அப்பிடி இல்லை. திறப்புப் போட்டு ஓண் பண்ணி நிப்பாட்டி வைச்சிருக்கிற ஓட்டோவும், திறப்பில்லாமல் நிக்கிற ஓட்டோவும் பாக்கவும் ஒண்டுதான் கேக்கவும் ஒண்டுதான், ஆராவது போற போக்கில ஹாண்டிலைத் தட்டி முறுக்கினால் உடன சுத்தும். இன்னொரு விசயம், பெற்றோல் எஞ்சின் சும்மா நிண்டு ஓடேக்க பாரமா ஏதும் மாட்டுப்பட்டால் சிலவேளை திணறி நிண்டுபோகும். மோட்டர் அப்பிடித் திணறாது, நிக்கிற நிலையிலயே அதுக்கு முழு இழுவையும் இருக்கு, சில்லு சுத்தேல்லை எண்டால், மோட்டருக்குக் கரண்டை அளந்து விடுற கொன்றோலர் இன்னும் கூடக் கரண்டைத் தள்ளும். உள்ள மாட்டினது கையெண்டு அதுக்குத் தெரியாது.

கவரைப் பற்றி. தகரத்தை வளைச்சு மேலையும் பக்கங்களையும் மூடுங்கோ, கீழ்ப்பக்கத்தையும் மறக்காதேங்கோ, கிரவல் றோட்டில சில்லு எறியிற கல்லு கீழால வந்துதான் பெல்ட்டுக்குள்ள போகும், ஓட்டோவுக்குக் கீழ படுத்து வேலை செய்யிறவரின்ர கையும் கீழாலதான் வரும். சூடு பயம் எண்டால் மோட்டர்ப் பக்கம் தகரத்துக்குப் பதிலா வலை அடியுங்கோ, ஆனால் அந்த ஓட்டைக்குள்ளால சின்னப் பிள்ளையின்ர விரல் போகக்கூடாது. பெல்ட் இறுக்கம் பாக்க ஒரு சின்னக் கதவு மாதிரி வெட்டி, ஸ்பனர் போட்டுக் கழட்டினால்தான் திறக்கும் எண்டு வைச்சால் உங்கட பிரச்சினை முடிஞ்சுது. கையால திறக்கிற கொழுக்கி வேண்டாம், அவசரத்தில திறந்தபடியே ஓட விடத்தான் மனம் வரும்.

அடுத்தது நீங்கள் கேக்காத விசயம், ஆனால் சொல்லாமல் விட ஏலாது. ஓட்டோவின்ர பின்பக்கத்தை ஜக்கில தூக்கிப்போட்டு முறுக்கிப் பாக்கிறியள் எண்டு நினைக்கிறன், எல்லாக் கராஜிலயும் அப்பிடித்தான். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் தூக்கின சில்லு ரெண்டு மடங்கு வேகத்தில சுத்தும், ரெண்டு சில்லுக்கும் சுத்தைப் பிரிச்சுக் குடுக்கிற டிபரென்சலின்ர வேலையே அதுதான், கியர்பொக்ஸ் 40 கிலோமீற்றர் ஓட்டத்துக்குச் சுத்தினால் அந்தரத்தில நிக்கிற சில்லு 80இல சுத்தும், தேஞ்ச பழைய ரயர் அந்த வேகத்தில வெடிச்சால் பக்கத்தில நிக்கிறவருக்கு என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. நிலத்தில நிக்கிற சில்லு பிடிச்சுக்கொண்டால் ஓட்டோ ஜக்கால விழுந்து ஓடத் துடங்கும். ஆனபடியா ரெண்டு பக்கமும் தூக்குங்கோ, ஜக்கை மட்டும் நம்பாமல் நல்ல தடிச்ச கட்டையோ ஸ்ராண்டோ குடுங்கோ, முன் சில்லுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வையுங்கோ, மெல்லமா முறுக்குங்கோ, பெல்ட் ஓடுற நேர்கோட்டில ஒருத்தரும் நிக்கக்கூடாது, அறுந்தால் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

முறுக்கிற பிடிக்கு மூண்டு வயர் வருகுதெல்லோ, 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். அதில கிரவுண்ட் வயர் அறுந்தாலோ மூட்டில கழண்டாலோ சிக்னல் வயரில 5 வோல்ட்டுக்குக் கிட்ட ஏறும், பாதுகாப்பு இல்லாத மலிவுக் கொன்றோலர் அதை "முழுசா முறுக்கிப்போட்டான்" எண்டுதான் எடுக்கும். ஒருத்தரும் தொடாமலே வாகனம் பாயுறது இப்பிடித்தான், மாரி மழை தண்ணி இறங்கிற இடத்தில அந்த வயர் மூட்டுகள் இருக்கிறது இன்னும் மோசம். அதால திறப்பை மட்டும் நம்பாமல் பற்றரியில இருந்து வாற தடிச்ச வயரில ஒரு பெரிய சுவிச்சோ, கையால இழுத்துக் கழட்டிற பிளக்கோ கட்டாயம் வையுங்கோ, பெல்ட் பக்கம் கை போறதுக்கு முதல் அதைக் கழட்டி உங்கட கண்ணுக்குத் தெரியிற இடத்தில வைச்சிட்டுத்தான் போகவேணும், திறப்பு உங்கட சேட் பொக்கற்றுக்குள்ள. எஞ்சின் மாத்தினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில காட்டிப் பதிவையும் சரிப்படுத்துங்கோ, இல்லாட்டி ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிச்சிடுவினம்.

கேள்வி: நான் கனகராயன்குளத்தில இருந்து ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு கரண்ட் ஸ்கூட்டியில போற ரீச்சர். சாறி கட்டித்தான் போகவேணும். இதில செயினும் இல்லை பெல்ட்டும் இல்லை, மோட்டர் சில்லுக்குள்ளயே இருக்கு எண்டு கடையில சொன்னவை. அப்ப சாறி மாட்டுப்படுற பயம் இல்லைத்தானே? மகளும் பின்னுக்கு இருந்து வாறவ.

பதில்: ரீச்சர், கடைக்காரர் சொன்னது பாதி சரி. சில்லுக்குள்ள மோட்டர் இருந்தால் பெல்ட் இல்லை, ஆனால் சில்லு இருக்கே. சாறியின்ர தலைப்போ பஞ்சாபிச் சோலோ பின் சில்லுக்கும் பிறேக்குக்கும் இடையில போனால் ஒரே சுத்தில சுத்திக்கொண்டு இறுகும், சோல் எண்டால் கழுத்தில, சாறி எண்டால் ஆளையே கீழ இழுத்துப் போடும். இந்தியாவில மோட்டார் வாகன விதி 123 எண்டு ஒண்டு இருக்கு, பின்னுக்கு இருக்கிறவரின்ர உடுப்பு மாட்டுப்படாமல் பின் சில்லில பாதிக்குக் குறையாமல் மூடியிருக்க வேணும் எண்டு. அதாலதான் இந்திய மோட்டச்சைக்கிளுகளில சாறி காட் எண்டு ஒண்டு பூட்டி வருகுது, எங்கட பெடியள் அது வடிவில்லை எண்டு வாங்கின கிழமையே கழட்டி எறியிறாங்கள், எனக்கு அதைக் காணவே மனம் பதறும். சில மலிவு கரண்ட் ஸ்கூட்டியளில அது துடக்கத்திலயே இல்லை. உங்கட ஸ்கூட்டியின்ர பின்பக்கத்தைக் குனிஞ்சு பாருங்கோ, இருக்கிற ஆளின்ர காலுக்குப் பக்கத்தில சில்லு திறந்து கிடந்தால் ஒரு வெல்டிங் கடையில சொல்லித் தகட்டிலயோ கம்பியிலயோ செய்விச்சுப் பூட்டுங்கோ.

தலைப்பைத் தோளில குத்தினபடி விட்டிட்டுப் போகாதேங்கோ, முன்னுக்குக் கொண்டுவந்து இடுப்பில செருகி, அதுக்கு மேல ஒரு ஜக்கற் போட்டு சிப்பை இழுத்தால் காத்துக்கு எழும்பாது. ஏ9இல கனரக லொறி ஒண்டு உங்களைத் தாண்டேக்க அடிக்கிற காத்துக்குச் செருகின தலைப்பும் சிலவேளை கழண்டு வரும், அந்த ஜக்கற்தான் காப்பாத்தும். மகள் ரெண்டு பக்கமும் கால் போட்டு, கால் மிதியில கால் எட்டினால் மட்டும் பின்னுக்கு ஏத்துங்கோ, எட்டாத பிள்ளையின்ர கால் சில்லுப் பக்கம்தான் தொங்கும்.

ஒருவேளை மாட்டுப்பட்டுது எண்டு தெரிஞ்சால் துணியை இழுக்காதேங்கோ, பிறேக்கை மெல்லப் பிடிச்சு ஓரம் நிப்பாட்டித் திறப்பை எடுத்திட்டு, கழுத்துப் பக்கம் முதல் தளத்தி அல்லது வெட்டி விடுங்கோ. சாறிதானே, இன்னொண்டு வாங்கலாம்.

இன்னொண்டு, பள்ளிக்கூட வாசலில இறங்கி நிண்டுகொண்டு ஸ்கூட்டியைத் தள்ளி நிழலுக்கு விடேக்க வலது கையால முறுக்கிற பிடியைத்தான் எல்லாரும் பிடிக்கிறம். ஓண் ஆகிக் கிடந்தால் தள்ளுற தள்ளுக்கு அது முறுகி ஸ்கூட்டி உங்களையும் இழுத்துக்கொண்டு பிள்ளையளுக்குள்ள போகும். இறங்க முதல் ஓஃப், பேந்துதான் தள்ளுறது.

கேள்வி: கரண்ட் காரில பெல்ட்டே இல்லை, ஆனபடியா பொனற்றைத் திறந்து பயமில்லாமல் கை வைக்கலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். எங்களிட்ட வாகன் ஆர் ஹைபிரிட் நிக்குது. உண்மையோ? (விசுவமடு)

பதில்: முழுக் கரண்ட் கார், நிசான் லீவ் மாதிரி எண்டால் எஞ்சினே இல்லை, ஏசியும் தனி மோட்டரில ஓடுறதால பொனற்றுக்குக் கீழ பெல்ட் இல்லைத்தான். டொயோட்டா பிரியசிலயும் 2009இல வந்த மூண்டாம் தலைமுறையில இருந்து வெளிப் பெல்ட்டை எடுத்திட்டாங்கள். ஆனால் உங்கட வாகன் ஆர் அப்பிடி இல்லை ஐயா, நேர் எதிர். 2014இல சுசுக்கி அதில கொண்டுவந்த முறையில, எஞ்சினுக்குப் பக்கத்தில ஜெனரேற்றராவும் மோட்டராவும் வேலை செய்யிற ஒண்டைப் பெல்ட்டாலதான் எஞ்சினோட குடுத்திருக்கு. சிக்னல் லைற்றில எஞ்சின் தானா நிண்டு, பிறகு சத்தமில்லாமல் தானா ஸ்ராட் ஆகுதெல்லோ, அந்தப் பெல்ட்தான் எஞ்சினைச் சுத்தி ஸ்ராட் பண்ணுறது. அதாவது "எஞ்சின் நிண்டிட்டுது" எண்டு நீங்கள் நினைக்கிற நேரத்தில ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பெல்ட் ஓடத் துடங்கலாம். பொனற் திறந்தால் தானா ஸ்ராட் ஆகாது எண்டு ஆரும் சொன்னாலும் அதை நம்பிக் கையை விடாதேங்கோ, முழுசா ஓஃப் பண்ணித் திறப்போட தள்ளி வைச்சிட்டு வாங்கோ.

பிரியஸ், அக்குவா வைச்சிருக்கிறவைக்கும் சொல்லுறன், ரெடி லைற் எரிஞ்சால் வாகனம் ஓடுது எண்டுதான் அர்த்தம், எஞ்சின் எப்பவும் தானா எழும்பலாம். லீவில பெல்ட் இல்லாட்டிலும் ரேடியேற்றர் பான் இருக்கு, சார்ஜில நிக்கேக்கயும் அது திடீரெண்டு சுத்தும். செம்மஞ்சள் நிற வயரைத் தொடவே வேண்டாம், லீவில அது 360 வோல்ட்டுக்கு மேலயும் போகும், அதுக்குப் படிச்ச ஆக்கள்கூட பெரிய பற்றரியைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கைக் கழட்டிக் குறைஞ்சது 10 நிமிசம் பொறுத்து, மீற்றர் வைச்சுப் பாத்துத்தான் கை வைப்பினம்.

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில சைக்கிளும் கரண்ட் ஸ்கூட்டியும் திருத்திறன். 2009இல ஷெல் பட்டு இடக்கை முழங்கைக்குக் கீழ இல்லை. பெல்ட் நேரா ஓடுதோ எண்டு பாத்துச் சரிப்படுத்தேக்க ஆராவது முறுக்கி விடவேணும், மகன்தான் பள்ளிக்கூடத்தால வந்து முறுக்கி விடுறவன், வயது பதினொண்டு, கெட்டிக்காரன். இதில ஏதும் பிழை இருக்கோ?

பதில்: அண்ணை, இந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். உங்கட தொழிலும் மகன் கூட நிக்கிறதும் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு, ஆனால் உந்த முறையை இண்டைக்கே விடுங்கோ. ஒருத்தர் கை பெல்ட்டுக்குக் கிட்ட, இன்னொருத்தர் கை முறுக்கிற பிடியில, இதுதான் விரல் போறதுக்கு இருக்கிற ஆகக் கெட்ட வழி. நீங்கள் "விடு" எண்டு சொன்னது அவனுக்கு "குடு" எண்டு கேக்கும், றோட்டால ஒரு பஸ் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போனால் அவன் திடுக்கிட்டுக் கையை இறுக்குவான். நடந்தால் உங்களுக்கு மிச்சமிருக்கிற அந்தக் கையோட போகாது, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கும்.

பெல்ட் நேரோ எண்டு பாக்கக் கரண்டே தேவையில்லை. ஸ்கூட்டியை நடு ஸ்ராண்டில விட்டு, பற்றரிப் பிளக்கைக் கழட்டி, ரயரின்ர வெளிப்பக்கத்தைப் பிடிச்சுக் கையாலயே சில்லை மெதுவா ஓடுற பக்கம் சுத்துங்கோ, பெல்ட்டையோ கம்பியையோ பிடிச்சுச் சுத்தக்கூடாது, ஏனெண்டால் கரண்ட் இல்லாமல் கையால சுத்தின சில்லும் விரலைப் பல்லுக்குள்ள கொண்டுபோகும். புல்லியின்ர ஒரு பக்கக் கரைக்கு பெல்ட் ஒதுங்கிப் போகுதெண்டால் சில்லு கோணல், அச்சு நட்டைத் தளத்தி ரெண்டு பக்கக் குறியும் ஒரே அளவுக்கு வரச் சரிப்படுத்தி, திரும்பக் கையால சுத்துங்கோ. ரெண்டு கை தேவைப்படுற வேலைக்கு மேசையில பூட்டின வைசும் ரெண்டு மூண்டு கிளாம்பும் உங்களுக்கு மகனை விட நல்ல உதவி. கடைசியா மோட்டரில ஓட்டிப் பாக்கத்தான் வேணும், அப்ப கவரைப் பூட்டிப்போட்டு, முறுக்கிறதும் நீங்கள், பாக்கிறதும் நீங்கள், உங்கட கை பிடியில இருந்தால் பெல்ட்டில இருக்காது. மகன் அந்த நேரம் வாசலுக்கு வெளியில நிக்கட்டும், கணக்கு எழுதுறது, சாமான் எடுத்துத் தாறது, மீற்றர் வாசிக்கப் பழகிறது எண்டு அவனுக்குக் குடுக்கக் கன வேலை இருக்கு.

மற்றது, கையில வற்றாப்பளை அம்மன் கோயில் நூல் கட்டியிருந்தால் வேலை நேரம் மட்டும் கழுத்துக்கு மாத்தாதேங்கோ, கழுத்து இன்னும் மோசம், சாமிப் படத்தடியில கழட்டி வைச்சிட்டு பின்னேரம் கட்டுங்கோ, அம்மன் குறை நினைக்கமாட்டா. முறுக்கின நூல் லேசில அறாது, கையைத்தான் இழுத்துக்கொண்டு போகும். மோதிரமும் அப்பிடித்தான், அதோட பற்றரி முனையில மோதிரம் பட்டால் 60, 72 வோல்ட் பற்றரியே அதைப் பழுக்கக் காய்ச்சிப்போடும். நீளக் கைச் சேட்டின்ர கையை மடிச்சு விடுங்கோ, துவாயைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டு வேலை செய்யிற பழக்கமும் வேண்டாம். வேலை செய்யிறவை கை பத்திரம் எண்டு துணிக் கையுறை போடுறதையும் கண்டிருக்கிறன், சுத்துற சாமானுக்குக் கிட்டக் கையுறைதான் முதல் மாட்டுறது.

கேள்வி: ஸ்கூட்டியை முத்தத்தில நடு ஸ்ராண்டில விட்டால் பிள்ளையள் பின் சில்லைச் சுத்தி விளையாடுதுகள். ஒரு விரல் மாட்டினால் உடன என்ன செய்யிறது? (துணுக்காய், ஒரு அம்மா)

பதில்: நடு ஸ்ராண்டில விடாதேங்கோ, பக்க ஸ்ராண்டில விட்டால் சில்லு நிலத்தில நிக்கும், திறப்பை வீட்டுக்குள்ள ஆணியில உயரமாக் கொழுவுங்கோ.

மாட்டினால் பதறிக்கொண்டு சில்லைப் பின்பக்கம் சுத்த வேண்டாம், திறப்பை எடுங்கோ, பற்றரிப் பிளக்கைக் கழட்டுங்கோ, அச்சு நட்டைத் தளத்தினால் பெல்ட்டோ செயினோ லூசாகும், அப்ப மெல்ல எடுக்கலாம். இரத்தம் வாற இடத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சுக் கையை நெஞ்சுக்கு மேல உயத்தி வைச்சிருங்கோ, மஞ்சள், கோப்பித்தூள் ஒண்டும் போடாதேங்கோ. விரல் துண்டா விழுந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, ஒரு பொலித்தீன் பைக்குள்ள போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள்ள வையுங்கோ, விரல் ஐஸில நேரா படக்கூடாது, தண்ணிக்குள்ளயும் ஊறக்கூடாது. 1990க்கு அடியுங்கோ, 2018இல இருந்து வடக்கிலயும் இந்த அம்புலன்ஸ் இலவசமா ஓடுது, விரல் துண்டாகிட்டுது எண்டதை முதல் வசனத்திலயே சொல்லுங்கோ, எந்த ஆஸ்பத்திரிக்கு எண்டதை அவையும் டொக்டரும் முடிவெடுப்பினம். பிள்ளைக்குச் சாப்பாடு தண்ணி ஒண்டும் குடுக்காதேங்கோ, ஒப்பரேசன் தேவைப்படலாம்.

கேள்வி: கிரவல் றோட்டில ஓடி ஓடி ஸ்கூட்டிப் பெல்ட் கீச்சுக் கீச்செண்டு சத்தம் போடுது. தேங்காயெண்ணெய் விடலாமோ? (ஒட்டுசுட்டான்)

பதில்: விடாதேங்கோ, தேங்காயெண்ணெயும் வேண்டாம் கிறீசும் வேண்டாம். பல்லு வைச்ச இந்தப் பெல்ட் காஞ்சபடிதான் ஓடவேணும், எண்ணெய் பட்டால் புழுதியைப் பிடிச்சு அரைச்சு ரப்பரையும் பழுதாக்கும். ஓஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டி, பழைய பல்லுத் தீட்டுற பிரஷால பல்லுக்கு இடையில கிடக்கிற மணலைத் தட்டி, சின்னக் கல்லு ஏதும் பதிஞ்சிருந்தால் எடுத்து விடுங்கோ. ஓடுற பெல்ட்டில பிரஷ் பிடிச்சால் கெதியாத் துப்பரவாகும் எண்டு சொல்லுவாங்கள், செய்யாதேங்கோ, பிரஷோட கையும் போகும். துடைச்சாப்பிறகும் சத்தம் வந்தாலோ, பல்லடியில வெடிப்போ நூல் பிரிஞ்சதோ தெரிஞ்சாலோ பெல்ட்டை மாத்துற நேரம் வந்திட்டுது, கழட்டேக்க பழசின்ர நம்பரைப் பாத்து எழுதிக்கொண்டு போய் அதே நம்பரில கேளுங்கோ.